படியில் நிற்பவர்

மூலையில் சுருட்டிச் சாத்தி வைத்திருக்கிற பிளக்ஸ் மெல்லச் சரிகிறது, சரியட்டும், எழுந்து நிமிர்த்தினால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன், மூடின கண்ணுக்குள்ளும் அது சரிந்துகொண்டுதான் இருக்கிறது. மணி ஒன்றரை இருக்கும். மழைக்கு முந்திய புழுக்கம். ஊரெல்லாம் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற நேரத்தில் நான் தூங்க வேண்டியவன், இருபத்திரண்டு வருடமாகப் பகலில் தூங்கப் பழகியவன், இருந்தும் இன்றைக்கு உடம்பு பாயில் ஒட்ட மாட்டேன் என்கிறது. ஆறு மணிக்கு பியூலா அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெயசிங் அத்தான் போய் ஒரு வருடம். அந்தச் சுருளை நான் தோளில் தூக்கிக்கொண்டு போய் அக்கா கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருக்கிற வார்த்தை, அதைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் இப்போது ஃபேனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. லீதியாள் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறாள். நான் தூங்குவதாக நினைத்துச் சத்தம் வராமல் கழுவுகிறாள், அந்தச் சத்தமில்லாமைதான் காதில் இரைகிறது. மூக்கில் இன்னும் மையின் நெடி. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பரலோகத்துக்குப் போனாலும் இந்த நெடியோடுதான் போவேன் போலிருக்கிறது, வாசலில் நிற்கிற தூதன் மூக்கைப் பொத்திக்கொள்வான்.

பரலோகத்தைப் பற்றி என்னை விட அதிகமாக வேலை செய்தவன் இந்தப் பாளையங்கோட்டையில் யார் இருக்கிறான்? சபையில் பிரசங்கம் பண்ணுகிற ஐயர்மார் வாயால் பேசுகிறார்கள், நான் பத்தடிக்கு எட்டடியில் போட்டுக் காட்டுகிறேன். ராத்திரி ஒரு சாவு விழுந்தால் விடிவதற்குள் தெருமுனையில் படம் நிற்க வேண்டும், அதற்குத்தான் பிளக்ஸ் கடையில் ராத்திரிக்கு ஒருவன், அந்த ஒருவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு சரி. கம்ப்யூட்டரை யாரும் சொல்லித்தரவில்லை, பழைய டிசைனர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படித்தது. வேதத்தையும் அப்படித்தான், மெஷின் ஓடுகிற நேரத்தில், வரி வரியாக, யார் முதுகுக்குப் பின்னாலோ நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி. நம்ம சபைக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், இடது பக்கம் செத்தவர் முகம், வலது பக்கம் மேகம், மேகத்துக்குள் படிக்கட்டு, மேலே இரண்டு தூண், தூணுக்கு நடுவில் வாசல், வாசலைப் பார்த்து ஏறிப்போகிற வெள்ளை அங்கிக்காரன். முதுகு மட்டும்தான் தெரியும். வாத்தியார் செத்தாலும் அதே முதுகு, இறைச்சிக்கடைக்காரர் செத்தாலும் அதே முதுகு. அத்தான் உயிரோடு இருந்தபோது கடைக்கு வந்து அதைப் பார்த்துச் சிரிப்பார். "ஏ மாப்ள, இந்தாளு தெனமும் ஏறுதானே, ஒருநாளாவது உள்ள போயிருக்கானா?" அவர் அப்படித்தான் பேசுவார். முப்பது வருடம் பஸ் கண்டக்டர். "பரலோகத்துக்கு நேர் வண்டி கெடயாது மாப்ள, கல்லறைத் தோட்டத்துல எறங்கி மாறணும்" என்பார். அவருக்கும் அதே முதுகைத்தான் போட்டேன். வேறு என்ன செய்ய, விடிகாலை ஐந்தரைக்கு போன் வந்தது, ஏழு மணிக்குள் வீட்டு வாசலில் படம் நிற்க வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. அந்தப் படம் இரண்டு மாதிரி இருக்கிறது, வாசல் திறந்த படம் ஒன்று, பூட்டிய படம் ஒன்று. திறந்த படத்தின் குறுக்கே அதை எடுத்த கம்பெனியின் பெயர் ஓடும், அதை அழிக்க ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். பூட்டிய படத்தில் பெயர் இல்லை. அவசரத்துக்கு அதை எடுத்துப் போட்டுவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள், கேட்டின் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம்தான் வருகிறதே என்று நினைத்தேன். ஊர் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். அடக்கம் முடிந்ததும் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்துச் சுவர் முழுக்க அடித்துவைத்து, ஒரு வருடமாக, சாப்பிடும்போதும் ஜெபிக்கும்போதும் அதையே பார்த்திருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டுச் சொன்னாள். "ஏல தேவா, அது அவரு முதுகு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா பாத்துப் பாத்து அவரு முதுகாவே ஆயிட்டு. ஒரு வருசமா மனுசன் படியிலயே நிக்காரு. கேட்டு பூட்டியிருக்குல." போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். "இந்த வருசம் தொறந்து வையி," என்றாள். பிறகு போனை வைக்கப்போகிற நேரத்தில், அடுப்பில் ஏதோ இருக்கிறது போல அவசரமாக, "அவருக்குத் தொறந்திருப்பாங்களாடே?" என்று கேட்டாள். நான் "சிக்னல் இல்லக்கா" என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

படியில் நிற்கிறாராம். படியில் நிற்பவர்களை அத்தானுக்குப் பிடிக்கவே பிடிக்காது. எத்தனை தடவை அவர் வண்டியில் போயிருப்பேன், திருச்செந்தூர் ரோட்டில், மூச்சு விட இடமில்லாத கூட்டத்தில், அவர் குரல் மட்டும் தலைகளுக்கு மேலே நீந்தி வரும். "படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு." இடம் எங்கே கிடக்கும், ஒன்றும் கிடக்காது, ஆனால் அவர் சொன்னதும் எப்படியோ உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு உண்டாகிவிடும். ஓடி வருகிற ஆளைக் கண்டால் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஊதாமல் நிற்பார். டிரைவர் திட்டுவார். "நீ திட்டு, அந்தப் பொம்பள ஏறட்டும்" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் குடித்தார். வண்டியில் ஏறினால் குடிக்க மாட்டார், இறங்கினால் குடிப்பார், ரிட்டயர் ஆனபின் இறங்கினவராகவே இருந்ததால் எந்நேரமும் குடித்தார். மூன்று தடவை விட்டார், மூன்று தடவையும் மறுபடி. நாலாவது தடவை விட்டபோது யாரும் நம்பவில்லை, அக்காவும் நம்பவில்லை, நானும்தான். அன்றைக்கு நான் வேலைக்குப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நல்ல மழை. ஒரு கல்யாண வீட்டுப் படம் அப்போதுதான் மெஷினை விட்டு இறங்கி, மை காயாமல் தரை முழுக்க விரிந்து கிடந்தது. சாரல் அடிக்கக்கூடாது என்று ஷட்டரை இறக்கி, காற்றுக்காக ஒரு சாண் மட்டும் விட்டிருந்தேன். தட்டினார். "யாரு?" "நாந்தாம் மாப்ள, ஜெயசிங்." "என்ன அத்தான், மழைக்குள்ள?" "ஒங்க அக்கா கதவத் தொறக்க மாட்டேங்கா. குடிச்சிருக்கேங்கா. மூணு மாசமா தொடல மாப்ள. நீ ஒரு எட்டு வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு." முன்னொரு தடவை குடித்துவிட்டு வந்து காயாத படத்தின் மேலே நடந்தவர் அவர், அந்தச் செருப்புத் தடம் எனக்கு மறக்கவில்லை. "வேலை ஓடுது அத்தான். நாளைக்குப் பேசிக்கிடுவோம்." கொஞ்ச நேரம் மழைச் சத்தம். போய்விட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் ஷட்டருக்குக் கீழே அந்த ஒரு சாண் இடைவெளியில் ஒரு கை, பிறகு நனைந்த முழங்கால், பிறகு தரையோடு தரையாக வாய். வாய் மட்டும். "மோந்து பாரு மாப்ள. ஊதுதேன். மோந்து பாரு." ஊதினார். குனிந்தேன். இல்லை, குனிந்தேனா, நின்ற இடத்திலேயே வந்துவிட்டதா, மழையும் சுக்குமிட்டாயும் கலந்த வாசம், வேறு ஒன்றும் இல்லை, குரலும் தெளிவாக இருந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வாசத்தை மறைக்கத்தான் மிட்டாய் என்று ஒரு மனசு சொன்னது, அந்த மனசுக்குச் சாரலைப் பற்றித்தான் கவலை. "நாளைக்கு அத்தான்," என்றேன். "சரி மாப்ள," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைசி வண்டியில் இடமில்லை என்று கேட்ட ஆள் சொல்கிற மாதிரி சொன்னார். விடிகாலையில் பால்காரர் பார்த்தபோது மார்க்கெட் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். நெஞ்சுவலி. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று போயிருப்பார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் பேச்சு, ஜெயசிங் குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் செத்தான். ஐயரும் கல்லறையில் பார்த்துப் பார்த்துத்தான் ஜெபித்தார், ஈரத் தரையில் நடக்கிற மாதிரி.

அக்காவுக்கு அதுதான் ஒரு வருடத்து நெருப்பு. குடியிலேயே போனவனுக்கு அங்கே இடம் உண்டா. நான் போய், அத்தான் அன்றைக்குக் குடிக்கவில்லை, நான் மோந்து பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நெருப்பு அணையும். அத்தானுக்கு வாசல் திறக்கும். ஆனால் அடுத்த நிமிஷமே அவள் நினைப்பாளே, குடிக்காத மனுஷனையா நான் வெளியே நிறுத்தினேன் என்று. இப்போதாவது அவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, குடிகாரனுக்குக் கதவைத் திறக்கவில்லை, எந்தப் பெண்பிள்ளை திறப்பாள் என்கிற நியாயம். அதையும் நான் பிடுங்கிவிடுவேன். சொன்னால் அவர் உள்ளே போவார், அவள் வெளியே நிற்பாள். சொல்லாவிட்டால் அவள் வீட்டுக்குள் இருப்பாள், அவர் படியில் நிற்பார். நான்? நான் எங்கே நிற்பேன் என்று கேட்க வருகிறபோதெல்லாம் இந்தப் பாயில் புரண்டு படுத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அக்காவுக்காக இல்லை, என் ஷட்டரைச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் ஒரு வருடம். அந்த ஒரு சாணை நினைக்கிறேன். அதற்குள் முகத்தை முழுதாக நுழைக்க முடியாது, வாயை மட்டும்தான் வைக்க முடியும், அறுபத்திரண்டு வயது ஆள், மழைத் தண்ணீர் ஓடுகிற சிமெண்டுத் தரையில். எனக்கு வருகிற கனவில் இடம் மாறிவிடுகிறது. நான் படி ஏறிப் போகிறேன், வெள்ளை அங்கி, முதுகில் மையின் நெடி, மேலே தூண், வாசல் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கியிருக்கிறது, உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம், பெரிய வேலை ஏதோ ஓடுகிறது. தட்டுகிறேன். "யாரு?" ஆண்டவர் எப்படி வரவேற்பார் என்று சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார்கள், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைத் தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வது போல, மோதிரம், விருந்து. என் கனவில் ஓடி வருவதில்லை. ரோட்டில் போலீஸ்காரர் பிடிக்கிற அந்த மெஷினைச் சந்து வழியாக நீட்டி, ஊது என்கிறார். நான் ஊதுகிறேன். எதையெல்லாம் குடித்திருக்கிறேனோ அத்தனையும் அதில் நம்பராக வருகிறது. உள்ளேயிருந்து சத்தம்: வேலை ஓடுது, நாளைக்கு வா. நாளைக்கு வா என்றால் பரவாயில்லை என்று திரும்பி ஒரு படி இறங்குகிறேன், அப்போதுதான் உறைக்கிறது. அங்கே இரவே கிடையாதாமே. வேதத்தில் கடைசிப் பக்கங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, முதல் தடவை வாசித்தபோது சிரிப்பு வந்தது, இரவு இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை, கண்ணீரும் இல்லையாம், என் கடையையே மூட வேண்டியதுதான் என்று. கனவில் சிரிப்பு வரவில்லை. இரவே இல்லாத இடத்தில் நாளை எப்படி வரும்? நாளைக்கு வா என்றால் எப்போதும் வராதே என்றுதான் அர்த்தம். விழித்துக்கொள்வேன். விழிக்கிற நேரமும் பகலாகவே இருக்கும், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டு, இங்கேயும் இரவு இல்லாதது போல.

சுருள் விழுந்துவிட்டது. 'தொப்' என்று. லீதியாள் ஈரக் கையோடு எட்டிப் பார்க்கிறாள். "தூங்கலையா? ராத்திரி லீவுன்னா பகல்லயும் லீவா?" எடுத்து நிமிர்த்துகிறாள். "இவ்வளவு கனமா இருக்கு. அத்தான மாதிரியே." நான் சிரிக்கவில்லை. அவள் பாய் விளிம்பில் உட்கார்ந்து கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். "என்னங்க, ஒரு வருசமா பாக்கேன். அத்தான் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிருதிய. மதினிகிட்ட ஏதாவது சொல்லணுமா?" "ஒண்ணும் இல்ல." "ஒண்ணும் இல்லாததுக்கா பாயைப் பிறாண்டுதிய?" எழுந்து போய்விட்டாள், போகிற போக்கில் "டீ வைக்கேன்" என்றாள். பாயைப் பார்க்கிறேன். ஓரம் நார் நாராக வந்திருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்க அந்த வாசலோடு மல்லுக்கட்டினேன். கம்பெனிப் பெயரை எழுத்து எழுத்தாக அழித்து, கிழிந்த மேகத்துக்கு வேறு மேகத்திலிருந்து ஒட்டுப்போட்டு, இரண்டு கதவையும் இரண்டு பக்கமும் தள்ளித் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் இன்னொரு பயம். உள்ளே என்ன போடுவது? பூட்டியிருந்தவரை அந்தக் கேள்வியே இல்லை. சிம்மாசனம் போட்டுப் பார்த்தேன், கல்யாண மேடை மாதிரி இருந்தது. கைவிரித்து நிற்கிற இயேசுவைப் போட்டேன், எல்லா காலண்டரிலும் நிற்கிற அதே ஆள், அத்தானைத் தெரியாத மாதிரி நின்றார். எடுத்துவிட்டேன். முகம் எனக்கு வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு முகத்தை என்னால் நினைக்க முடியவில்லை, நினைக்க முடியாததை எப்படிப் பிரிண்ட் போட? கடைசியில் ஒன்றும் இல்லாமல் வெறும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, படியில் நின்ற அந்த முதுகுக்காரனையும் அழித்துவிட்டேன். படிக்கட்டு காலியாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்கள், அத்தானைப் படியில் போட மறந்துவிட்டான் என்பார்கள். இல்லை, உள்ளே போய்விட்டார் என்பார்களா. விடிகிற நேரத்தில், மெஷின் அதை அங்குலம் அங்குலமாகத் துப்பிக்கொண்டிருந்தபோது, அந்தக் கடைசிப் பக்கத்து வரி மறுபடி வந்தது, இந்தத் தடவை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஊரின் வாசல்களைப் பகலில் அடைக்க மாட்டார்களாம். அப்புறம்தான், இரவு அங்கே இல்லை என்று வருகிறது. இத்தனை வருடம் இரவு இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பதை விட்டிருக்கிறேன். பகலில் அடைப்பதில்லை, இரவே இல்லை. அப்படியென்றால் எப்போதுதான் அடைப்பார்கள்? அடைக்க ஒரு நேரமே இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிப் பழகின கைக்கு அது ஏறவில்லை. இப்போதும் ஏறவில்லை. நம்மை மாதிரி வாயை மோந்து பார்த்துத்தான் விடுவார் என்று நானாகத்தானே நினைத்தேன்? லீதியாள் எப்போதோ வைத்துவிட்டுப் போன டீ ஆறிவிட்டது. மணி ஐந்தரை.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. தோளில் சுருளோடு நடக்கிறேன், தூறல் ஒன்றிரண்டு விழுகிறது, நனைந்தால் மை கெடாது, காய்ந்துவிட்டது, இருந்தும் கையை மேலே வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டாம். ஐயர் வந்த பிறகு கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம், ஜெபம் முடிந்ததும் கிளம்பிவிடலாம், கடை இருக்கிறது என்று சொல்லலாம், லீவு என்று அக்காவுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு என்று நினைத்த உடனே கால் தானாக வேகமெடுக்கிறது. வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் நின்றுவிட்டேன். அக்கா கூடத்தில் தனியாக ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருக்கிறாள். சுவரில் பழைய படத்தைக் கழற்றியிருக்கிறாள், ஆணி அடித்த இடங்களும் வெளுத்த சதுரமும் தெரிகின்றன. "என்னல, கேட்டைத் தொறந்துட்டியா?" "தொறந்துட்டேன்க்கா." "உள்ள என்ன போட்டுருக்க?" "ஒண்ணும் போடல. வெளிச்சம் மட்டுந்தான்." கொஞ்சம் யோசித்தாள். "அது போதும்." ஜமுக்காளத்தின் சுருக்கத்தை நீவினாள். என் வாய் தானாகத் திறந்தது. "அக்கா, அன்னைக்கு அத்தான் கடைக்கு வந்தாரு. நான் ஷட்டரைத் தூக்கல. நாளைக்கு வாங்கன்னேன்." அவள் நிமிரவில்லை. நீவுகிற கை மட்டும் நின்றது. "அவரு அன்னைக்கு..." என்று நான் அடுத்ததை எடுப்பதற்குள், தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஊதிக் காட்டினாரா?"

ஊதினதை நான் சொல்லவே இல்லை. தோளில் சுருள் கனக்கிறது. "எனக்குந்தாம்ல," என்கிறாள் அக்கா. "சாவி ஓட்டையில வாய வச்சி. பியூலா, மோந்து பாருட்டி, மோந்து பாருட்டின்னு. சுக்குமிட்டாய் வாசம் வந்துது. மறைக்கத்தான் தின்னுருக்காருன்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனச்ச மாதிரி இருந்துக்கிட்டேனா, அது எனக்கே தெரியல. நான் தொறந்திருந்தா ஒன்ட்ட எதுக்கு வாராரு?" குரல் உடையவில்லை. ஒரு வருடமாக உடைந்து உடைந்து இனி உடைய ஒன்றும் இல்லாத குரல். அவருக்குத் திறந்திருப்பார்களா என்று அவள் கேட்டாளே, அது நான் நினைத்த கேள்வி இல்லை. அவர் குடிக்கவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நாம் திறக்காத கதவை அங்கே யாராவது திறந்தார்களா என்றுதான் கேட்டிருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இரண்டு பேர், ஒரே மூச்சை ஒரு வருடம் வாய்க்குள் வைத்துக்கொண்டு. தெருமுனையில் ஐயரின் பைக் சத்தம், பின்னால் சபைக்காரர்களின் பேச்சு. தூறல் வலுக்கிறது. உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் வரவில்லை, சுருளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறேன். அக்கா எழுந்து வந்தாள். சுருளின் ஒரு முனையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள். "படியில நிக்காதல," என்றாள், அத்தான் குரலில் இல்லை, அவள் குரலில்தான். "உள்ள எடம் கெடக்கு. வா."